ஆட்கள்: ஒன்று

சென்னையிலுள்ள அரசுத் தரவு அறையில், நாட்டின் ஒவ்வொரு பட்டறையிலும் எத்தனை ஆட்கள், எந்த இயந்திரம் ஓடுகிறது என்பது நிமிடத்துக்கு நிமிடம் திரையில் தெரியும். பெயர் இருக்காது, எண் மட்டும்தான். கோவைப் பட்டறைகளை ஆராய்ந்துகொண்டிருந்த பூங்கோதை, செவ்வாய்தோறும் மூடியிருந்த ஓர் எண்ணில் நின்றுவிட்டாள். அங்கே செவ்வாய்க்கிழமை விடுமுறை விடுவது அவள் அண்ணன் சென்னியப்பன் ஒருவன்தான். ஆட்கள் என்ற இடத்தில் ஒன்று என்றிருந்தது. பதினொரு மாதமாக அப்படித்தான்.

மதியம் வெளியே வந்து போன் செய்தாள்.

"பட்டறை எப்படிண்ணா போகுது?"

"நல்லாப் போகுது அம்மிணி. பதினஞ்சு பேரு இருக்கறாங்க."

"நான் ரெண்டு நாள் வரட்டுமாண்ணா?"

"இப்ப வேண்டாம். இங்க நின்னு பேசக்கூட நேரமில்ல."

அவன் குரலுக்குப் பின்னால் ஒரு சத்தமும் இல்லை. அறையில் பார்த்ததை வெளியே சொன்னால் சிறை. அவள் போனை வைத்தாள்.

திரும்பி வந்து உட்கார்ந்ததும் திரை கேட்டது: 'இந்த நிறுவனம் யாருடையது என்று உங்களுக்குத் தெரியுமா?' தெரியும் என்றால் அந்த எண்ணை அவளிடமிருந்து எடுத்துவிடுவார்கள்.

தெரியாது என்று அழுத்தினாள்.

மறுநாள் காலை ஏழே முக்காலுக்குத் திரையில் அந்த எண்ணில் ஒரு லேத் ஓடத் தொடங்கியது. மாலையில் அது நிற்கும்வரை அவளும் கூடவே உட்கார்ந்திருந்தாள்.