மீசைக்குப் பத்தாத பெட்டி

கண்ணாடிப் பெட்டிக்குள் இலை போன்ற சிறகுள்ள பச்சைப் பூச்சி ஒன்று, முதுகில் ஊசியோடு வெகுநாளாகக் கிடந்தது. இன்று ஆராய்ச்சிக்காரர் அதே ஜாதிப் பூச்சி ஒன்றைப் பிடித்துவந்து அதன் பக்கத்தில் குத்தினார்.

"என்னை எதற்குக் கொண்டுவந்தார்?" என்று புதியது கேட்டது.

"என்னால்தான்," என்றது பழையது. "மீசை நீளமாக இருந்தால் நாம் சுவர்க்கோழிக்குச் சொந்தமாம். குட்டையாக இருந்தால் வெட்டுக்கிளியாம். பெட்டியில் வைத்த பிறகுதான் அளப்பார். என் மீசை மூடியில் சிக்கி நொறுங்கிவிட்டது."

"சுவர்க்கோழி மாதிரி நாமும் சிறகை உரசித்தானே பாடுகிறோம்? அதைக் கேட்டாலே தெரிந்திருக்குமே!"

"பாடுகிறவனை ஊசியில் குத்திவிட்டு அப்புறம் எங்கே கேட்பது?"

ஆராய்ச்சிக்காரர் மூடியை அழுத்தினார். பெட்டிக்கு வெளியே நீண்டிருந்த புதியதின் மீசை இரண்டும் ஒடிந்து விழுந்தன. "அடச்சே!" என்று தலையில் அடித்துக்கொண்டு, ஆணியில் தொங்கிய வலையை எடுத்தார். பெட்டியை மட்டும் மாற்றவில்லை.

"உன் புதரில் இன்னும் யாராவது இருக்கிறார்களா?" என்று பழையது மெல்லக் கேட்டது.

"என் பெண்டாட்டி மட்டும்தான். பாட்டு நின்றுபோனதே என்று இந்நேரம் இலை நுனிக்கு வந்து என்னைத் தேடிக்கொண்டிருப்பாள்."

வாசல் கதவு சாத்தும் சத்தம் கேட்டது.

"அவளுக்கு மீசை என்னுடையதைவிட நீளம்," என்றது புதியது.