கண்ணாடிக்குள் காட்டுச்சாமி

மழை மேகம் ஜன்னலை அடைத்துக்கொண்டு நிற்கிறது. மலைமேல் புதிதாகத் திறந்த அருங்காட்சியகத்தில், கண்ணாடிப் பெட்டிகளுக்குள் மட்டும் மஞ்சள் விளக்கு எரிகிறது. தூர தேசத்து மர முகமூடிகள் வாயைப் பிளந்து பார்த்திருக்க, அவற்றைத் தாண்டி வந்த கண்ணாயி கடைசிப் பெட்டியின் முன்னால் நின்றுவிடுகிறாள். சிவப்புத் துணியின்மேல் அவள் காட்டுச்சாமி படுத்திருக்கிறது. எந்தக் காலத்திலோ உழவில் அகப்பட்ட கற்கோடாரி. பலா மரத்தடியில் கூர் மேலே பார்க்க நட்டு, வீட்டில் எல்லாரும் தண்ணீர் ஊற்றிக் கும்பிட்டு வந்த கல். ஆராய்ச்சிக்காரர்கள் வந்து கேட்டபோது பெருமையோடு பிடுங்கிக் கொடுத்தவன் அவள் புருஷன் சின்னையன். அடுத்த மிளகுப் பறிப்பில் மரத்திலிருந்து விழுந்தான். இன்றுவரை இடுப்புக்குக் கீழே அசைவில்லை.

“ஏனுங்க, சாமியக் கொஞ்சம் நிமித்தி வைங்க,” என்கிறாள் காவலர் பெஞ்சமினிடம். “அது படுத்துக் கெடந்தா எங்க ஊட்டுக்காரரு எப்படிங்க எந்திரிப்பாரு?”

“பெட்டிச் சாவி என்கிட்ட இல்லம்மா. கீழ ஆபீஸ்ல இருக்கு.” அவர் அவள் முகத்தைப் பார்க்காமல் சொல்கிறார்.

கண்ணாயி மடியிலிருந்து பிளாஸ்டிக் பாட்டிலை எடுக்கிறாள். ஓடைத் தண்ணீர். தடுக்க எழுந்த பெஞ்சமின், என்ன நினைத்தாரோ, அப்படியே நிற்கிறார். அவள் பெட்டியின் தலையில் ஊற்றுகிறாள். தண்ணீர் கண்ணாடியில் வழிந்து, விளக்கில் மினுங்கி, பெயர் அட்டையை நனைத்து, அவளுடைய வெறுங்காலைச் சுற்றித் தேங்குகிறது. பாட்டிலைக் கவிழ்த்துக் கடைசிச் சொட்டையும் உதறுகிறாள்.

உள்ளே கல் காய்ந்தே கிடக்கிறது.