கை மட்டும் உள்ளே

மூன்று வருடம் கழித்து விசாரணைக்கு வந்த பெரிய அதிகாரி, அமைதிப்படை முகாமின் கம்பிக் கதவடியில் குந்தியிருந்து அளவுநாடா பிடித்தார். கதவுக்கு நேரே தரையில் ஒரு வெள்ளைக் கோடு ஓடியது. கோட்டுக்கு உள்ளே நிற்பவர்களைப் பாதுகாப்பது படையின் கடமை. வெளியே நிற்பவர்களுக்காக வருந்துவதும் கடமைதான். அதற்குத் தனிப் படிவம் இருந்தது. பக்கத்தில் நின்ற தவமலரின் புருசன் அன்று இந்தக் கம்பியைப் பிடித்துக்கொண்டு, திறக்கச் சொல்லிக் கத்தியபடியே, துரத்தி வந்தவர்களால் வெட்டுப்பட்டுச் செத்தவன்.

"அந்த நேரம் அவர் உள்ளயோ வெளியிலயோ எண்டு ஐயா கேக்கிறார்," என்றான் மொழிபெயர்ப்பாளன்.

"கை உள்ள. ஆள் வெளியில."

அதிகாரிக்குச் சந்தோசம் தாங்கவில்லை. 'பகுதியளவில் பாதுகாக்கப்பட்டவர்' என்று எழுதிக்கொண்டார்.

"கதவைத் திறக்க வேண்டாமெண்டது ஆர்? அந்தப் பேரையும் எழுதச் சொல்லு தம்பி." மூன்று வருடமாக அவளிடம் இருந்தது இந்த ஒரு கேள்விதான்.

"அது படிவத்தில இல்லையாம் அக்கா. கை எவ்வளவு தூரம் உள்ள வந்ததெண்டு ஒருக்காச் செய்து காட்டட்டாம்."

தவமலர் வெளியே போனாள். கதவைச் சாத்தினார்கள். அவள் கம்பிக்கிடையால் கையை விட்டு, உள்ளே நின்ற அதிகாரியின் கழுத்துப்பட்டியைப் பிடித்து, முகம் கம்பியில் அழுந்த இழுத்தாள்.

"இவ்வளவு தூரம்."

காவல் சிப்பாய் துப்பாக்கியோடு அப்படியே நின்றான். உத்தரவில்லாமல் அவன் அசையமாட்டான். அங்கே உத்தரவு தரக்கூடிய ஒரே ஆளுக்கோ மூச்சே வரவில்லை.