நடுவானில் நின்ற ரப்பர் பால்

நான் பூவரசன், வயது இருபத்திரண்டு, மலேசியாவில் கிள்ளான் கையுறைத் தொழிற்சாலையில் நின்றபடி பேசுகிறேன். இரண்டு கையிலும் வாளி, அக்கா. நான் சொல்லச் சொல்லச் சட்டைப் பையிலிருக்கும் போன் எழுதிக்கொள்கிறது. ரப்பர் பாலில் நுரை கட்டியிருந்தது. மெதுவாகக் கிளறச் சொன்னார் சூப்பர்வைசர் மணியம். என் கைதான் ஊர் டீக்கடையில் டீ ஆற்றிய கையாயிற்றே! வாளியைத் தலைக்கு மேல் தூக்கி வேகமாக ஆற்றினேன். பால் மணிமணியாகத் திரண்டது. ஒரு மணி இன்னொன்றைப் பிடிக்க, அது அடுத்ததைப் பிடிக்க, விழுந்துகொண்டிருந்த பால் இரண்டு வாளிக்கும் நடுவில் வெள்ளைக் கயிறாக அப்படியே நின்றுவிட்டது!

மணியம் ஓடிவந்தார். "அடேய், இது என்ன டீக்கடையா? பாலைக் கெடுத்தவன அன்னிக்கே ஊருக்குப் பிளேன் ஏத்திருவாருடா மொதலாளி!" கத்திக்கொண்டே கயிற்றை விரலால் தொட்டார். "அம்மாடி, நெசமாவே நிக்குதுடா! அவரே வந்து பாக்கட்டும். ஆடாம புடி!"

மணியம் முதலாளியை அழைக்கப் போயிருக்கிறார். கை கடுக்கிறது, சிரிப்பும் அடங்கவில்லை. படியில் செருப்புச் சத்தம் கேட்கிறது. அக்கா, இதைப் படித்ததும் பதறிப்போய் போன் பண்ணிவிடாதே. பையில் போன் அடித்து நான் துள்ளினால் கயிறு அறுந்துவிடும்.