பதினேழு கரண்டி

காலை பதினொரு மணிக்கே அல்முத் அம்மா குடித்துக்கொண்டிருந்தார்.

சங்கக் குடிலின் ஜன்னல் வழியாக என் இரண்டு கண்ணாலும் பார்த்தேன். மேஜைமேல் பெரிய கண்ணாடி அண்டா. அதில் முந்தின நாளிலிருந்து வெள்ளை ஒயினிலும் சர்க்கரையிலும் ஊறிக் கிடக்கும் ஸ்ட்ராபெர்ரி. அல்முத் அம்மா ஒரு கரண்டி மொண்டார், குடித்தார், முகத்தைச் சுளித்தார். உடனே இன்னொரு கரண்டி!

வயது அறுபத்தெட்டு. தேவாலயத்தில் ஆர்கன் வாசிப்பவர். மதுவை நாக்கில் வைத்ததே இல்லை என்று ஜெர்மனியின் ஓல்டன்பர்க் ஊரில் எங்கள் தோட்டச் சங்கத்தின் ஒவ்வொரு கூட்டத்திலும் எழுந்து நின்று சொல்பவர். ஒரு தடவை என் கையில் பீர் பாட்டிலைப் பார்த்துவிட்டு, "இதுக்கு மோர் குடிக்கலாமே" என்றவர்.

எனக்கு வந்த சந்தோஷத்தைச் சொன்னால் வெட்கக்கேடு. நேரே பக்கத்துத் தோட்டத்து வீப்கேயிடம் ஓடினேன்.

"நிஜமாவா? எத்தனை கரண்டி?"

"நான் பார்த்தே அஞ்சு."

"அடிப்பாவி! நமக்கெல்லாம் என்னமா பாடம் எடுத்தாங்க! அன்னிக்குக் கூட்டத்துல அப்படி மல்லுக்கட்டினதும் இதுக்குத்தானா?"

மல்லுக்கட்டியது ஃபோல்கர்ட்டுக்காக. எங்கள் கோடை விழாவுக்கு, இப்படிப் பழத்தை ஒயினில் ஊறவைத்துப் பத்தொன்பது வருடமாகப் பழமது செய்பவர் அவர்தான். அந்தக் கைப்பக்குவம் வேறு யாருக்கும் வராது. ஆனால் போன குளிர்காலத்தில் குடி அவரை ஆஸ்பத்திரியில் கொண்டுபோய்ப் படுக்க வைத்தது. குடியை விட்டு நாலு மாதம்தான் ஆகிறது. ஒரு சொட்டு பட்டாலும் எல்லாம் முதலிலிருந்து ஆரம்பித்துவிடும் என்று டாக்டர் எச்சரித்திருந்தார்.

இந்த வருடம் அவர் வேண்டாம் என்றார் கூட்டத்தில் சங்கத் தலைவர் யெல்டோ. "பழத்தோட புளிப்பு வருஷத்துக்கு வருஷம் மாறும். ருசி பார்க்காம எப்படிப்பா செய்வே?"

"இதையாவது என்கிட்ட விடுங்க. இதுவும் இல்லேன்னா நான் வெறும் நோயாளி" என்றார் ஃபோல்கர்ட்.

அப்போது எழுந்தவர்தான் அல்முத் அம்மா. "அவரே செய்யட்டும். நான் கூட நிக்கிறேன். நான் பொறுப்பு."

வீப்கேயிடம் பேசிவிட்டுத் திரும்பும்போது ஃபோல்கர்ட்டின் மனைவி ஹைன்கேயைப் பார்த்தேன். குடிலுக்கு வெளியே ஒரு ஸ்டூலில் உட்கார்ந்து வெள்ளரிக்காய் சீவிக்கொண்டிருந்தாள். காயே தீர்ந்துபோயிருந்தது. கத்தி மட்டும் ஓடிக்கொண்டிருந்தது.

"உள்ளே போயேன்டி."

"நான் பக்கத்துல நின்னா அவருக்குக் கை நடுங்குதாம். காவலுக்குத்தான் அல்முத் அம்மா இருக்காங்களே."

காவலே கரண்டியும் கையுமாக நிற்கிறது என்று அவளிடம் எப்படிச் சொல்வது? பக்கத்தில் ஒருத்தர் இப்படி ஊற்றிக்கொண்டிருந்தால் அந்த மனுஷன் எத்தனை நேரம் தாங்குவார்? என் சந்தோஷமெல்லாம் போய்விட்டது.

மூன்று மணிக்கு விழா ஆரம்பித்தது. நுரை ஒயினும் ஐஸும் சேர்ந்து, மேலே புதினா மிதக்க, அண்டா வெளியே வந்தது. ஃபோல்கர்ட் ஒரு பக்கம், யெல்டோ ஒரு பக்கம் பிடித்துக்கொண்டு வந்தார்கள். பின்னாலேயே அல்முத் அம்மா. முகம் பீட்ரூட். ஒரு நாற்காலியில் இடித்துக்கொண்டு, அந்த நாற்காலியிடம் மன்னிப்பும் கேட்டார்.

வீப்கே ஏற்கெனவே எல்லார் காதிலும் போட்டுவிட்டாள். யெல்டோவுக்கு வாய் சும்மா இருக்கவில்லை.

"என்ன அல்முத் அம்மா, எத்தனை கரண்டி?"

"பதினேழு" என்றார், கொஞ்சமும் கூசாமல்.

கூட்டம் சிரித்தது. ஹைன்கே சிரிக்கவில்லை. வெளுத்துப்போய் எழுந்தாள். நேரே புருஷனிடம் போய், அத்தனை பேர் முன்னாலும் அவர் வாயருகே மூக்கைக் கொண்டுபோனாள்.



"காபி. வெறும் காபி வாசனைதான்" என்றவள் அவர் தோளிலேயே விழுந்து ஓவென்று அழுதாள். எனக்கும் அப்போதுதான் மூச்சு வந்தது.

ஃபோல்கர்ட் தவித்துப்போனார். "நான் தொடவே இல்ல, ஹைன்கே! நறுக்கினது, ஊத்தினது எல்லாம் நான். நாக்கு மட்டும் அவங்களோடது. 'இருமல் மருந்து மாதிரி இருக்கு'ன்னாங்க, எலுமிச்சை பிழிஞ்சேன். 'பல்லு கூசுது'ன்னாங்க, சர்க்கரை போட்டேன். கடைசியில 'ஐயையோ, நல்லா இருக்கே!'ன்னு பயந்தாங்க பாரு, அங்கேயே நிறுத்திட்டேன்."

யெல்டோ ஒரு வாய் குடித்துப் பார்த்தார். தன் கிளாஸை மறுபடியும் நிரப்பிக்கொண்டார்.

எனக்குத்தான் அல்முத் அம்மாவின் முகத்தைப் பார்க்க முடியவில்லை. "எங்கள்ல ஒருத்தரைக் கூப்பிட்டிருக்கலாமே. எங்களுக்குப் பழக்கம்தானே?" என்றேன்.

"உங்களையா? மூணாவது கரண்டியில, 'ஒரு வாய் நீயும்தான் பாரேன்'னு அவருக்கே நீட்டியிருப்பீங்க."



"இருந்தாலும் அறுபத்தெட்டு வருஷ விரதம் இப்படிப் போச்சே, அல்முத் அம்மா!" என்றாள் வீப்கே.

அல்முத் அம்மா நாற்காலியின் கையைக் கெட்டியாகப் பிடித்தபடி மெல்ல உட்கார்ந்தார்.

"அவர் ஒரு கரண்டி குடிச்சா திரும்பி வர வழி கிடையாது. நான் பதினேழு குடிச்சா நாளைக்குத் தலைவலி. அவ்வளவுதானே?"