கடைசிப் பக்கத்துக்காரி

வாசகர் வட்டத்தில் எந்த மர்ம நாவலைப் படிக்கலாம் என்று சொல்பவள் மருந்துக்கடைக்காரிதான். ஒவ்வொரு நாவலிலும் கடைசிப் பக்கத்தை மட்டும் புத்தகக்கடையில் நின்றவாறே படித்துவிட்டு, "மூணாவது அத்தியாயத்துலயே கொலைகாரனைப் பிடிச்சிட்டேன்" என்று அளப்பாள். கேட்பவர்கள் வாய்பிளப்பார்கள். அந்த மதிப்பு அவளுக்கு வாரம் முழுவதும் இனிக்கும்.

இம்முறை அவளுடைய நாத்தனார் ஒரு சந்தேகம் கேட்டாள்.

"கதை பிரமாதம் அண்ணி. ஆனா சாம்பல் சால்வை போத்திக்கிட்டு ஒருத்தி வர்றாளே, யாரு அவ? நின்னுக்கிட்டே ஏதோ புத்தகத்தோட கடைசிப் பக்கத்தைப் படிச்சிட்டுப் போயிடறா."

"போன மாசம் நீங்க சொன்ன நாவல்லயும் அவ வந்தா," என்றார் தபால்காரர். "உங்களுக்குத் தெரியாததா? சொல்லுங்கம்மா."

மருந்துக்கடைக்காரி தன் சாம்பல் நிறச் சால்வையைக் கழற்றி மடியில் சுருட்டிக்கொண்டாள். காதுமடல்கள் சுட்டன. உண்மையைச் சொல்லிவிட எண்ணி வாய் திறந்தவள், "சொன்னா சுவாரசியம் போயிடும்" என்று முடித்துக்கொண்டாள்.

வீடு திரும்பியதும் கதவைத் தாழிட்டு, வழியில் வாங்கிவந்த அந்நாவலை முதல் வரியிலிருந்து படிக்கத் தொடங்கினாள். இரண்டு அத்தியாயங்கள் கடந்தும் சால்வைக்காரியைக் காணவில்லை. மூன்றாவதில் ஒரு விருந்து நடந்தது. விருந்தாளிகளில் ஒருவர் கேட்டார்:

"அந்தம்மா இன்னைக்கு வரலியா?"

"வீட்டுல உக்காந்து படிக்கிறாங்களாம். அதுவும் முதல் வரியிலேருந்து!"

கூடமே சிரித்தது. அன்றிரவு கொலையாகவிருந்த பெரியவர்கூட வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்.