அடுத்த கிழமை வா

"படத்தில் சிரிக்கிறாய். சிரிக்காத படம் கொண்டு வா. அடுத்த கிழமை."

பல்கலைக்கழக அலுவலக ஜன்னலில், கண்ணாடிக்குப் பின்னால் இருந்த சின்யோரா பினா, ஜெனனியின் விண்ணப்பக் கட்டை அப்படியே வெளியே தள்ளினார்.

ஜெனனிக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"போன கிழமையும் இதே படம்தானே இருந்தது? அப்போதே ஏன் சொல்லவில்லை?"

"அப்போது முத்திரையைப் பார்த்தேன். இப்போது படத்தைப் பார்க்கிறேன். அடுத்தவர்!"

போன கிழமை, கல்லூரி முத்திரை மங்கலாக இருக்கிறதென்று திருப்பி அனுப்பியிருந்தார்.

ஜெனனி இத்தாலியில், இந்தப் பலேர்மோவிலேயே பிறந்து வளர்ந்தவள். தொழில்நுட்பக் கல்லூரியில் இரண்டு வருடம் மின்சாரம் படித்து முடித்துவிட்டாள். இனிப் பல்கலைக்கழகத்துக்கு மாறி மின் பொறியியல் படிக்க வேண்டும். படித்த பாடங்களை ஏற்றுக்கொண்டால் நேரே இரண்டாம் வருடம். இல்லையென்றால் மறுபடி முதலில் இருந்து.

முதலில் இருந்து என்றால் படிப்பே வேண்டாம், பிரான்காச்சோவில் ஒரு பட்டறையில் வேலைக்குக் கூப்பிடுகிறார்கள், அதற்கே போகிறேன் என்று சொல்லிவிட்டாள். வீடு வீடாகப் படி துடைக்கும் அப்பாவின் முழங்காலை அவள் தினமும் பார்த்துக்கொண்டுதானே இருக்கிறாள்.

முடிவு சொல்வது பேராசிரியர்கள் குழு. ஆனால் கட்டு இந்த ஜன்னலைத் தாண்டினால்தானே குழுவுக்குப் போகும்!

சிரிக்காத படம் எடுத்துக்கொண்டு போனாள்.

"பாடத்திட்டத்தின் எல்லாப் பக்கத்திலும் கல்லூரி அதிபர் கையெழுத்து வைக்க வேண்டும். அடுத்த கிழமை வா."

அதிபரின் பின்னால் அலைந்து கையெழுத்து வாங்கிக்கொண்டு போனாள்.

"நீல மை. கறுப்பில் வேண்டும்."

"இது எந்தச் சட்டத்தில் இருக்கிறது, சின்யோரா?"

"என் சட்டத்தில். அடுத்த கிழமை வா."

அன்றைக்கு வீட்டுக்கு வந்து பையைத் தூக்கி எறிந்தாள் ஜெனனி.

"மனிசியோ அது! கடிச்சுக் குதறிப்போடுவன் போல கிடக்கு!"

"வாய் காட்டாதை பிள்ளை" என்றார் அப்பா அம்பலவாணர். "நானும் வாறன். தன்மையாக் கதைச்சால் கல்லும் கரையும்."

சலவை செய்த சட்டையைப் போட்டுக்கொண்டு, பல்லரோ சந்தைப் பக்கம் ஒரு பெட்டி இனிப்பும் வாங்கிக்கொண்டு வந்தார். ஜன்னலில் பெட்டியை வைத்து, தனக்குத் தெரிந்த இத்தாலியனில் பணிவாகச் சொன்னார்.

"சின்யோரா, என் மகள் நல்லாப் படிக்கிறவள்."

சின்யோரா பினா பெட்டியைத் திறந்துகூடப் பார்க்கவில்லை. கட்டோடு சேர்த்து அதையும் திருப்பித் தள்ளினார்.

"கொண்டுபோய் வீட்டில் சாப்பிடுங்கள். சான்றிதழ் மடங்கியிருக்கிறது. மடங்காத பிரதி வேண்டும். அடுத்த கிழமை."

வாசலுக்கு வந்ததும் ஜெனனியின் கண் கலங்கிவிட்டது.

"வேறை ஆக்களிட்டைச் சிரிச்சுச் சிரிச்சு வாங்கிறா. என்ரை மட்டும் ஏனப்பா? எங்கடை நிறத்தைப் பாத்துத்தான்."

"அப்பிடி இருக்காது பிள்ளை…"

"அப்பிடித்தான்! நீங்கள் இஞ்சை வந்த நாள் தொட்டுக் குனிஞ்சு குனிஞ்சே பழகிப்போச்சு. எனக்கு ஏலாது. வாற வெள்ளியோடை விண்ணப்பமும் முடியுது!"

அம்பலவாணர் இனிப்புப் பெட்டியை மார்போடு அணைத்துக்கொண்டார்.

ஜெனனி விறுவிறுவென்று மாடி ஏறினாள். மேலதிகாரியிடம் நடந்த எல்லாவற்றையும் கொட்டினாள். இனம் பார்த்து நடத்துகிறார்கள், பத்திரிகைக்குப் போவேன் என்றாள். மேலதிகாரி பயந்துபோய், அந்த அம்மாவை ஜன்னலில் இருந்தே எடுத்துவிடுகிறேன் என்று வாக்குக் கொடுத்தார்.

வெள்ளிக்கிழமை, கடைசி நாள். புது முகம் ஒன்று இருக்கும் என்று நினைத்துத்தான் போனாள். சின்யோரா பினாவே இருந்தார். மேசையில் ஒரு மட்டைப் பெட்டி. மூக்குக்கண்ணாடிக் கூட்டையும் கோப்பிக் கோப்பையையும் அதற்குள் அடுக்கிக்கொண்டிருந்தார்.

"வா. திங்களில் இருந்து எனக்குக் கீழே நிலவறையில் வேலை, பழைய கோப்புகளோடு. உன் முறைப்பாட்டில் கிடைத்தது."

ஜெனனி தலை குனியவில்லை. "நீங்கள் கேட்ட பிரதி கொண்டு வரவில்லை. சான்றிதழ் இன்னும் மடங்கித்தான் இருக்கிறது. நீல மையும் அப்படியேதான்."

"பரவாயில்லை. கொடு."

கட்டை வாங்கினார். ஒரு பக்கமும் புரட்டவில்லை. டக், டக் என்று முத்திரை குத்தினார்.

ஜெனனிக்கு இன்னும் கோபம் வந்தது. "இவ்வளவு சுலபமா? பிறகு எதற்காக என்னை இத்தனை கிழமை அலைய வைத்தீர்கள்?"

சின்யோரா பினா பின்னால் ஒருமுறை திரும்பிப் பார்த்தார். கண்ணாடியின் ஓட்டைக்குக் கிட்ட முகத்தைக் கொண்டுவந்தார்.

"குழுவின் தலைவர் இருந்தாரே, தொழில்நுட்பக் கல்லூரிப் பிள்ளை யார் வந்தாலும் வாசிக்காமலே முதலாம் வருடம் என்று எழுதிவிடுவார். அவர் எழுதினால் பிறகு மாற்ற முடியாது. எத்தனையோ பிள்ளைகள் அழுதுகொண்டு போனதை இந்த ஜன்னலில் இருந்து பார்த்திருக்கிறேன்."

பற்றுச்சீட்டைக் கிழித்து அவள் கையில் வைத்தார்.

"அவர் நேற்றுத்தான் ஓய்வு பெற்றார்."